குடிமகனின் துப்பாக்கி: தோட்டாவில் வரைந்த எல்லை

இந்திய ராணுவத்தில் பல பத்தாண்டுகளாகப் புழங்கிவரும் கைத்துப்பாக்கி 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராவது. மதுரைப் பழங்காநத்தத்தில் வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பணிக்காலம் முழுக்க இதைச் சுட்டுப் பழகியிருக்கலாம். பிரித்துத் துடைத்து மாட்டுவது அவர் கைக்குத் தானாக வரும். ஆனால், ஓய்வுக்குப் பிறகு முறையாக லைசென்ஸ் எடுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனால், அதே பிஸ்டலை அவருக்கு விற்க மாட்டார்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவது .32 ரிவால்வராகவோ .32 பிஸ்டலாகவோ இருக்கும்.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அந்நாட்டு ராணுவம் 1985இல் பெரெட்டா எம்9 பிஸ்டலை ஏற்றபோது, அதன் உடன்பிறப்பான 92எஃப் கடைகளுக்கு வந்தது. 2017இல் எம்9க்குப் பதிலாக சிக் சாவர் எம்17 தேர்வானது. அடுத்த ஆண்டே அதன் குடிமக்கள் பதிப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. 'சிப்பாய் சுடுவதை நீங்களும் சுடலாம்' என்பதே அங்கு விளம்பரத்தின் சாரம். இந்தியாவிலோ, சிப்பாய் சுடுவதைக் குடிமகன் சுடக் கூடாது என்பதே சட்டத்தின் அடிப்படை. அந்த விலக்கைச் சட்டம் எந்த இடத்தில் வைத்தது, ஏன் வைத்தது, இன்றைக்கு அது எதைக் காக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைக்கோடு எங்கே?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை என்று பிரிக்கின்றன. விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் தானியங்கி ஆயுதங்கள் தடைப் பட்டியலில் இருப்பதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது கைத்துப்பாக்கிகளைப் பற்றிய வரி. .380, .455 ரிவால்வர் தோட்டாக்களையோ, ராணுவப் பயன்பாட்டிலுள்ள 9 மி.மீ. தோட்டாவையோ ஏற்றிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைக்குரியது. ரைஃபிள்களுக்கும் இதே அளவுகோல்தான்: .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டா அதில் பொருந்துமானால் தடை.

துப்பாக்கியின் தோற்றமோ, நீளமோ, அது எவ்வளவு வலுவாகச் சுடும் என்பதோ இங்கே முதல் கேள்வி ஆகவில்லை. ராணுவக் கிடங்கிலிருக்கும் தோட்டா இதற்குள் நுழையுமா என்பதே கேள்வி. .380உம் .455உம் பிரிட்டிஷ் படையினர் வைத்திருந்த வெப்ளி ரிவால்வர்களின் தோட்டாக்கள்; .303 அவர்களுடைய லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா. அந்த ராணுவம் கப்பலேறிப் போய்ப் பல தலைமுறைகள் ஆன பின்பும் அதன் தோட்டாக்கள் நம் விதிப்புத்தகத்தில் காவல் இருக்கின்றன.

தடைசெய்யப்பட்ட வகைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி தேவை. பயங்கரவாதிகளால் உயிருக்கு அச்சுறுத்தல் இருப்பது போன்ற தனிக் காரணங்களுக்கே அது கிடைக்கும். ஓய்வுபெற்ற சுபேதாருக்கு 9 மி.மீ. எட்டாக்கனியாக இருப்பதன் காரணம் இதுவே.

ஆயுதம் பறிபோன சீமை

ஆயுதக் கட்டுப்பாட்டின் வரலாற்றை 1857இல் தொடங்குவது வழக்கம். மதுரைச் சீமைக்கு அது அரை நூற்றாண்டு முந்தியே வந்துவிட்டது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்னகப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. கோட்டைகளை இடிக்க உத்தரவானது. ஈட்டியும் வளரியும் மருந்துத் துப்பாக்கியும் சாதாரணமாகப் புழங்கிய நிலப்பரப்பு, ஒரு தலைமுறைக்குள் ஆயுதமற்றதாக்கப்பட்டது.

1857 எழுச்சிக்குப் பின் இதே கொள்கை நாடு முழுவதற்கும் விரிந்தது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. சொந்தப் படையில் இருந்த இந்தியர்களையும் காவலர்களையும்கூட ஆட்சியாளர்கள் முழுமையாக நம்பவில்லை. லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே .410 அளவு மஸ்கட்டுகளைச் செய்து காவல் பணிக்குக் கொடுத்தார்கள். அவை கைமாறிப் போனாலும் படையின் .303 தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது என்பதே கணக்கு. தோட்டாவை வைத்து எல்லை போடும் சிந்தனைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்த அச்சம் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களும் சுமார் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர் கைக்குப் போயின. சந்திரசேகர் ஆசாத் கடைசிவரை வைத்திருந்த கோல்ட் பிஸ்டல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அது .32 அளவினது. இன்று குடிமக்களுக்கு ஏற்றது என்று அரசு ஒதுக்கியிருக்கும் அதே அளவு.

ஆயுதம் மறுக்கப்படுவதை விடுதலை இயக்கம் ஓர் அவமதிப்பாகவே கண்டது. 1931 கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அந்த முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். அன்னிய ஆட்சியிடம் கேட்ட உரிமையை, வாக்குச்சீட்டு கைக்கு வந்த பிறகும் அதே வடிவில் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று நடந்தது. உரிமை வேண்டாம் என்று விட்ட குடியரசு, காலனி ஆட்சி அச்சத்தில் போட்ட தோட்டாக் கணக்கை மட்டும் மறுபரிசீலனை இல்லாமல் 1959 சட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டது.

ராணுவ உடல், வேறு தோட்டா

இந்த எல்லைக்குள் நின்றபடி அரசுத் தொழிற்சாலைகள் குடிமக்களுக்குத் துப்பாக்கி செய்த விதம் சுவையானது. அவர்கள் வடிவத்தை ராணுவத்திடமிருந்தே எடுத்தார்கள். தோட்டாவை மட்டும் மாற்றினார்கள். லீ-என்ஃபீல்டின் போல்ட் அமைப்பில் .303க்குப் பதில் .315 தோட்டாவைப் பொருத்தியதுதான் ஊர்ப்புறங்களில் நன்கு அறியப்பட்ட .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். ஆஸ்திரிய மான்லிக்கர் ரைஃபிளின் பழைய 8 மி.மீ. தோட்டாதான் அந்தப் பெயரில் இங்கே வாழ்கிறது.

கைத்துப்பாக்கியிலும் இதே கதை. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் பயன்படுத்திய வெப்ளி மார்க் 4 .38 ரிவால்வரின் நேரடி வாரிசு. இதைக் கையில் வாங்கிப் பார்த்தால் வம்சம் புலப்படும். சுத்தியலுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. கட்டைவிரலால் அதை அழுத்தி, குழலைக் கீழ்நோக்கித் தள்ளினால், துப்பாக்கி நடுவில் மடிந்து திறக்கிறது. திறக்கும்போதே சுழல் உருளையின் மையத்திலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று மேலெழுந்து, 6 காலித் தோட்டாக்களையும் ஒருசேர வெளியே தள்ளுகிறது. புதுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செருகி, குழலை உயர்த்தி, கொக்கி 'கிளிக்' என்று பிடிக்கும்வரை மூட வேண்டும். சினிமாவில் செய்வதுபோல் ஒரு கையால் விசிறி மூடினால் அச்சு தேயும், உருளை விலகும். சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைத்துச் சுட்டால் விசை இலேசு. இழுக்காமல் சுட்டால் ஒரே விரல் உருளையைச் சுழற்றி, சுத்தியலைத் தூக்கி, விடவும் வேண்டும். அந்தக் கனமான விசையில் குறி தப்பாமல் சுட மாதக்கணக்கில் பழக்கம் தேவைப்படும்.

2014 ஜனவரியில் இதே குடும்பத்தில் 'நிர்பீக்' வந்தது. டைட்டானியக் கலவை, 500 கிராம் எடை, ஏறத்தாழ ₹1.22 லட்சம் விலை. 2012 டெல்லிக் கொடுமையை நினைவூட்டும் பெயரோடு, பெண்களின் பாதுகாப்புக்கென்று அறிமுகமானது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 பொதுத்துறை நிறுவனங்களான பிறகு, அவற்றில் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. இது நடுவில் மடிவதில்லை. உருளை பக்கவாட்டில் திறக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், 1966 முதல் இயங்கும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இதே நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது.

9 மி.மீ. 1ஏ பிஸ்டலின் வம்சமும் சொல்லத் தக்கது. ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் 1926இல் இறந்தபின் பெல்ஜியத்தின் டியூடோனே செவ் முடித்த 'ஹை-பவர்' 1935இல் வெளிவந்தது. பெல்ஜியம் நாஜிகளிடம் விழுந்ததும் கனடாவின் டொராண்டோவில் ஜான் இங்கிலிஸ் கம்பெனி அதைச் செய்தது. அந்த வடிவமே இஷாப்பூருக்கு வந்தது.  அதே கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கியை விற்பதும் கைமாற்றுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு, 1997இல் கைத்துப்பாக்கிகள் அநேகமாக முற்றாகத் தடையாயின.

தோட்டாக் கணக்கு தாங்குமா?

இப்போது விதியைச் சோதித்துப் பார்க்கலாம். 9 மி.மீ. தோட்டா குழலைவிட்டு வெளியேறும்போது சுமார் 480 முதல் 500 ஜூல் ஆற்றல் இருக்கும். .32 ரிவால்வர் தோட்டாவுக்கு ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. இதை மட்டும் வைத்துப் பார்த்தால், வலுக் குறைந்ததைக் குடிமகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அதே குடிமகன் .315 ரைஃபிள் வாங்கலாம். அதன் ஆற்றல் 9 மி.மீ.யைவிடப் பல மடங்கு. .30-06 ரைஃபிளும் அனுமதிக்கப்பட்டதே. முதல் உலகப் போரிலிருந்து கொரியப் போர்வரை அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த தோட்டா அது. இந்திய ராணுவத்தின் தோட்டா இல்லை என்பதால் அதற்குத் தடை இல்லை.

ஆக, இந்த விதி குடிமகனிடமிருந்து இன்னொரு குடிமகனைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. படைக் கிடங்கிலிருந்து தோட்டா கசிந்து கலகக்காரரிடம் போய்விடாமல் காப்பதற்காக எழுதப்பட்டது. அந்த நோக்கத்துக்கு இன்றும் ஓரளவு மதிப்புண்டு. வெளியில் பொருந்தும் துப்பாக்கி இல்லாவிட்டால் ராணுவத் தோட்டாவுக்குக் கள்ளச்சந்தையில் விலை குறையும். ஆனால் 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் கள்ளத் துப்பாக்கிகள் நாட்டில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பங்கு லைசென்ஸ் இல்லாத ஆயுதங்களால் நடப்பதையும் குற்ற ஆவணங்கள் காட்டுகின்றன. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் தானாக முன்வந்து இந்தக் கள்ள ஆயுதப் பெருக்கத்தை விசாரணைக்கு எடுத்தது. அமெரிக்காவைப்போல் ஆயுதம் ஏந்துவது இங்கே அடிப்படை உரிமை இல்லை என்பதையும் அப்போது சுட்டிக்காட்டியது.

பழங்காநத்தத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

உண்மையான காவல் வேறிடத்தில் இருக்கிறது. அது விண்ணப்பக் கோப்பில் இருக்கிறது. கமிஷனரகம் உள்ள நகரங்களில் மாவட்ட நடுவருக்குரிய லைசென்ஸ் அதிகாரத்தை ஆயுதச் சட்டம் போலீஸ் கமிஷனரிடம் தருகிறது. எனவே மதுரை மாநகருக்குள் வரும் பழங்காநத்தவாசி நாட வேண்டியது கமிஷனர் அலுவலகம். மாநகர எல்லைக்கு வெளியே இருப்பவர் போக வேண்டியது கலெக்டரிடம். 2016 ஆயுத விதிகளின்படி படிவம், மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி, பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று எல்லாம் வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையம் அக்கம்பக்கத்தில் விசாரித்து அறிக்கை தரும். எதற்காகத் துப்பாக்கி என்ற கேள்விக்கு ஏற்கத்தக்க பதில் வேண்டும். நகைத் தொழில், பெருந்தொகையைக் கொண்டு செல்லும் வேலை, விளையாட்டு, படையில் பணியாற்றிய பின் எழுந்த உண்மையான பாதுகாப்புத் தேவை ஆகியவை கருத்தில் கொள்ளப்படும்.

லைசென்ஸ் கிடைத்தால் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் பதிவாகும். என்ன துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பதெல்லாம் அதிலேயே வரையறுக்கப்பட்டிருக்கும். 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3லிருந்து 2 ஆகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. கல்யாணம், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தனிக் குற்றமாக்கியது. தேர்தல் அறிவிப்பு வந்தால், விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த வடிகட்டலின் விளைவு எண்ணில் தெரிகிறது. உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 முடிவில் நாட்டில் 33.69 லட்சம் லைசென்ஸ்கள் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 22,500. இரண்டு மாநிலங்களிலும் நடப்பிலிருப்பது ஒரே சட்டம், ஒரே தோட்டாப் பட்டியல். வேறுபாடு வருவது லைசென்ஸ் கொடுக்கும் கையிலும், கேட்கும் சமூகத்தின் மனத்திலும்தான். வீட்டில் துப்பாக்கி இருப்பதைக் கௌரவமாகக் கருதும் பழக்கம் தமிழ்நாட்டில் வேர்விடவில்லை. 1801இல் ஆயுதமின்மை வன்முறையாகத் திணிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் இன்று அந்த நிலை நமக்கு ஒரு பாதுகாப்பு. ராணுவப் பகட்டைக் காட்டி அதைக் கலைக்க யாரும் முயன்றால், அதை எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நான்.

சுடுவது என்பது

துப்பாக்கி வாங்குவதைப் பற்றி இவ்வளவு விதிகள் இருக்க, சுடுவதைப் பற்றி நம் பொதுப்பேச்சில் அநேகமாக ஒன்றும் இல்லை. லைசென்ஸ் பெற்று ரிவால்வரை பீரோவில் பூட்டி, ஆண்டுக்கணக்கில் ஒரு தோட்டாவும் சுடாமல் புதுப்பித்துக்கொண்டே போக முடியும். அப்படிப்பட்டவரின் கையில், நெருக்கடி வரும் நொடியில், அந்த .32 யாரைக் காக்கும்? பதற்றத்தில் கனத்த விசையை வெடுக்கென்று இழுத்தால் குழல் கீழே சாயும். தோட்டா பக்கத்தில் நிற்பவர்மேல் பாயும். 'நிர்பீக்' வந்தபோது எழுந்த விமர்சனத்தின் நியாயமும் இதுதான். பயிற்சியும் பாதுகாப்பான வழக்கங்களும் இல்லாமல் கைப்பைக்குள் வைக்கும் துப்பாக்கி, உரியவரிடமிருந்தே பறிக்கப்பட்டு அவர்மேலேயே திரும்பக்கூடும்.

இதே .32 தோட்டாவை உலகம் வேறு கண்ணால் பார்க்கிறது. 25 மீட்டர் சென்டர்-ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகத் தரத்து வீரர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது .32 ரிவால்வர் தோட்டாவின் போட்டி வடிவத்தைத்தான். உதைப்பு குறைவு, துல்லியம் அதிகம். 30 குண்டுகள் நிதானமாக, 30 குண்டுகள் ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி அவகாசத்தில். 10 புள்ளி வட்டம் நிதானச் சுற்றில் வெறும் 50 மி.மீ. அகலம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றதும், 2006 தோஹாவில் 590 புள்ளியோடு உலக சாதனையைச் சமன் செய்து மீண்டும் தங்கம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். அவரிடம் பயின்ற மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 2 வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிளிலும், புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவிலும் அதே ஒலிம்பிக்கில் களம் கண்டார்கள்.

இந்தப் பாதையில் முதல் படிக்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை. 0.177 அங்குல அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் பிஸ்டலுக்கு 2016 விதிகள் விலக்கு அளிக்கின்றன. 10 மீட்டர் தொலைவில், 11.5 மி.மீ. அகலமே உள்ள 10 புள்ளி வட்டத்தை நோக்கி 75 நிமிடத்தில் 60 குண்டுகள். சுடுதளத்தில் குழந்தைகள் முதலில் கற்பது குறிபார்ப்பதை அன்று. குழல் எப்போதும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும், சுடும் கணம்வரை விரல் விசையைத் தொடக் கூடாது, துப்பாக்கி காலிதான் என்று யார் சொன்னாலும் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது என்பவற்றை. ஆயுதத்தின்மேல் மோகம் கொண்ட ஒரு பையனை ஆயுதத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்ட மனிதனாக்குவது இந்த ஒழுக்கம்தான்.

செய்ய வேண்டியது

9 மி.மீ. தடையை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பாதுகாப்பு அந்தத் தடையில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். தோட்டாவின் அளவை அளந்த சட்டம், இனி அதைச் சுடும் மனிதரின் தகுதியைத் தொடர்ந்து அளக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது கேட்கும் பயிற்சிச் சான்றை ஒவ்வொரு புதுப்பித்தலிலும் கேட்க வேண்டும். இடைப்பட்ட 5 ஆண்டுகளில் அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் பழகியதற்கான பதிவும் வேண்டும். வீட்டில் துப்பாக்கி எங்கே பூட்டப்படுகிறது, தோட்டா தனியே இருக்கிறதா என்பதைக் காவல்துறை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். குடும்ப வன்முறைப் புகார் வந்த வீட்டிலிருந்து ஆயுதம் உடனடியாக வெளியேற வேண்டும்.

இவற்றைக் கட்டாயமாக்க வேண்டுமானால் சுடுவதற்கு இடம் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு தரமான பொதுச் சுடுதளம், சான்று பெற்ற பயிற்சியாளர், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் ஆகியவை அரசின் பொறுப்பு. மதுரைப் பகுதியில் குடியிருக்கும் முன்னாள் ராணுவத்தினர் அங்கே பயிற்சியாளர்களாகலாம். நாட்டின் செலவில் அவர்கள் கற்ற ஒழுக்கம் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும். சிப்பாயிடமிருந்து குடிமகன் பெற்றுக்கொள்ளத் தகுந்தது அந்த ஒழுக்கம். அதற்கு எந்தத் தோட்டாப் பட்டியலும் தடை விதிக்கவில்லை.